என் மனைவியின் அட்ரீனலும் தூர்ந்துபோன என் வாய்க்காலும்

முப்பத்தோரு வருஷம் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்தியவன் நான். இதைப் பெருமையாகச் சொல்வதா, மன்னிப்புக் கேட்கும் குரலில் சொல்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. படித்து முடித்ததும் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். எனக்கு ஒரு வேலை மிச்சம்.

பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பாடம் உண்டு. செல்லுக்குள் இருக்கும் ஜீன்களில் எது எப்போது வேலை செய்யும், எது எப்போது வாயை மூடிக்கொண்டிருக்கும் என்பதைப் பற்றியது. அந்தப் பாடத்துக்கு நான் வருஷாவருஷம் ஒரே உதாரணத்தைத்தான் சொன்னேன். பிள்ளைகள் மாறிக்கொண்டே இருந்ததால் உதாரணத்தை மாற்ற வேண்டிய கஷ்டம் எனக்கு வரவில்லை.

"தாலுக்கா ஆபீசுல மூலப் பத்திரத்த யார் கையிலயாவது குடுப்பாங்களா? நகல்தான் குடுப்பாங்க. செல்லும் அப்டித்தான். டி.என்.ஏ. மூலம். அது உள்ளயே பூட்டி இருக்கும். வேணுங்கற பக்கத்த மட்டும் நகல் எடுத்து வெளிய அனுப்பும். அதுக்குப் பேருதான் படியெடுத்தல். கண்ணுல இருக்குற செல்லுக்கும் கல்லீரல்ல இருக்குற செல்லுக்கும் ஒரே மூலம்தான். எந்தப் பக்கத்துக்கு நகல் போடுறோம்ங்கறதுலதான் வித்தியாசம்."

"யாரு சார் அத முடிவு பண்ணுவா?" என்று யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டால் நானே கேட்டுக்கொள்வேன்.

"லஸ்கர்!"

வகுப்பு சிரிக்கும். ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிகிற இடத்தில் இரும்பு ஷட்டர் இருக்கும். மேலேயிருந்து உத்தரவு வந்தால் அதைத் திருகித் திறக்கவும், போதும் என்று தகவல் போனால் இறக்கி மூடவும் இருக்கிற ஊழியருக்கு எங்கள் பக்கம் லஸ்கர் என்று பெயர். ஜீன் ஒவ்வொன்றும் ஒரு வாய்க்கால், அதன் தலையில் ஒரு ஷட்டர், ஷட்டருக்கு ஒரு லஸ்கர். லஸ்கர் என்பது ஒரு புரதம். இதுதான் என் மொத்தச் சரக்கு. பிள்ளைகள் எனக்கு லஸ்கர் சார் என்றே பட்டம் வைத்தார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. அசல் லஸ்கருக்குத்தான் வருத்தம் என்று பின்னால் தெரிந்தது.

என் மனைவி எங்கள் ஊர்க் கிளைத் தபால் நிலையத்தில் போஸ்ட்மாஸ்டராக இருந்தவள். ஊர் என்பது மன்னார்குடியிலிருந்து முத்துப்பேட்டைக்குப் போகிற வழியில், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து, வராமலும் போகிற கடைமடை. வருஷக்கணக்கில் தபால் முத்திரையை ஓங்கிக் குத்திய கை அவளுடையது. போன வருஷம் மாசி மாதம் அந்தக் கையால் காலையில் காபி டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. விரல் மூட்டெல்லாம் வீங்கி, மடங்க மறுத்தன. வெயில் ஏறிய பிறகுதான் லேசாக இளகும்.

"வயசாச்சுல்ல," என்றேன்.

"உங்களுக்கும்தான் ஆச்சு. உங்க வாய் மடங்காம நிக்கிதா?" என்றாள்.

தஞ்சாவூரில் மூட்டு மருத்துவர் ஒரு அம்மா பார்த்தார். முடக்குவாதம் என்றார். உடம்பைக் காக்கிற படை, எதிரியே இல்லாத இடத்தில் எதிரி வந்துவிட்டதாக நினைத்து மூட்டைத் தாக்குகிறது. வீக்கத்தை உண்டாக்கும் ஜீன்களின் ஷட்டர்கள் திறந்தபடியே கிடக்கின்றன, மூட ஆளில்லை. அவர் ஷட்டர் என்று சொல்லவில்லை, நான்தான் குறுக்கே புகுந்து சொன்னேன். வாரம் ஒருமுறை போடுகிற மருந்து ஒன்று எழுதினார். அது வேலையைத் தொடங்கச் சில மாதமாகும், அதுவரை தாங்குவதற்கு என்று தினமும் காலையில் போட ஒரு சின்ன ஸ்டீராய்டு மாத்திரை. எழுந்து வரும்போது அந்த மாத்திரையைப் பற்றி அவர் முக்கியமாக ஏதோ சொன்னார். அந்த நேரத்தில் நான் அவருக்கு, முப்பத்தோரு வருஷம் பயாலஜி நடத்தியவன் என்பதையும் லஸ்கர் உதாரணத்தையும் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது என் காதில் விழவில்லை. நான் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கும், பாவம்.

நாலாம் நாள் என் மனைவி ஊறுகாய் ஜாடியின் மூடியைத் தானே திருகித் திறந்தாள். பத்தாம் நாள் தேங்காய் துருவினாள். மாத்திரை அவ்வளவு சின்னது, கீழே விழுந்தால் எறும்பு தூக்கிக்கொண்டு போய்விடும். அது செய்கிற வேலை என்னவென்று வகுப்பில் எழுதிப் போட்டிருக்கிறேன். செல்லின் சவ்வைத் தாண்டி உள்ளே போகும். அங்கே தனக்காகக் காத்திருக்கும் ஒரு புரதத்தோடு சேரும். இரண்டும் கைகோத்துக்கொண்டு உட்கருவுக்குள் போய், டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட இடங்களைப் பிடிக்கும். சில ஷட்டர்களைத் திறக்கும், வீக்கத்தை உண்டாக்குகிறவற்றை அமுக்கி மூடும். இதைச் சரியாக எழுதிய பிள்ளைகளுக்கு முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன். எனக்கு யாராவது போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

ஐந்து மாதம் ஓடியது. ஆடிப்பெருக்கன்று ஆற்றங்கரைக்குப் போனோம். கடைமடைக்கு அந்த வருஷம் தண்ணீர் வந்து சேர்ந்திருந்தது. அதுவே ஒரு செய்திதான். பெண்கள் படையல் போட்டுக் கும்பிட்டார்கள், மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டார்கள், புளிசாதத் தூக்கைத் திறந்தார்கள். அங்கே இருந்த ஒவ்வொருவரும் என் மனைவியைப் பார்த்து ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்.

"என்ன போஸ்ட்மாஸ்டரம்மா, நல்லா பூசினாப்ல ஆயிட்டீங்க! முகம் நிலா மாதிரி இருக்கு!"

அவளுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு மட்டும் நெஞ்சில் ஏதோ உறுத்தியது. பூசினாற்போல் இருப்பது நோயாளியின் அழகில்லை, மாத்திரையின் வேலை என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து கைப்பேசியை எடுத்தேன். ஸ்டீராய்டின் தீமைகள் என்று தேடினேன். முகம் உருண்டையாகும், சர்க்கரை ஏறும், இரத்த அழுத்தம் ஏறும், எலும்பு தேயும். அவளுக்கு அழுத்தம் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது, சர்க்கரையும். எல்லாம் பொருந்தியது. அதே பக்கத்தில் கீழே இன்னும் இரண்டு பத்தி இருந்திருக்கிறது. திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்ற பத்திகள். முப்பத்தோரு வருஷமாகப் பிள்ளைகளிடம் கேள்வித்தாளைக் கடைசிவரை படிங்கடா என்று கத்தியவன், பாதியில் எழுந்துவிட்டேன்.

"இனிமே இந்த மாத்திர வேணாம்," என்றேன்.

"டாக்டரக் கேக்க வேணாமா?"

"டாக்டர் படிச்ச புஸ்தகத்துல முதல் பாடத்த நடத்துனவனே நான்தான்."

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவள் ஒரே ஒரு கேள்வியோடு என் பேச்சைக் கேட்டது அன்றைக்குத்தான். நான் அதைச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மாத்திரை டப்பாவை எடுத்துச் சமையலறை மேல்தட்டில், அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன். ஒளித்து வைத்ததாக நினைப்பு.

நாற்பது பக்க நோட்டு ஒன்று எடுத்தேன். அழுத்தம் பார்க்கிற மெஷின் வீட்டில் இருந்தது, சர்க்கரை பார்க்கிறதும் இருந்தது. முதல் நாள் அழுத்தம் நூற்று நாற்பத்தெட்டு. மூன்றாம் நாள் நூற்று இருபத்தாறு. ஐந்தாம் நாள் நூற்று நாலு. சர்க்கரையும் அப்படியே படியிறங்கி வந்தது. ஒவ்வொரு எண்ணுக்குக் கீழேயும் சிவப்பு மையால் கோடு போட்டேன். ஓய்வு பெற்ற ஆசிரியர்களின் கைப்பேசிக் குழுவில் பெருமையாக எழுதியும் போட்டேன்: மாத்திரையால் இறங்காத பிரஷர், மாத்திரையை நிறுத்தியதால் இறங்கியது. பதினான்கு பேர் கும்பிடு போட்டார்கள். அதில் ஒருவர் வேதியியல். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. எங்கள் தலைமுறையிடம் படித்த பிள்ளைகள் எப்படித் தேறினார்கள் என்பது தனி ஆச்சரியம்.

ஐந்தாம் நாளே அவள் சோர்ந்துவிட்டாள். சாப்பாடு இறங்கவில்லை, இரண்டு முறை வாந்தி.

"எழுந்து நின்னா கண்ண இருட்டுதுங்க."

"உடம்புல இருக்குற விஷம் இறங்குது. அப்டித்தான் இருக்கும்."

"விஷம் இறங்குதா, நான் இறங்குறனா?"

"பெருக்கன்னிக்குச் செஞ்ச புளிசாதத்த மூணு நாளா வச்சுத் தின்ன. அது ஒத்துக்கல," என்று தீர்ப்புச் சொன்னேன். புளிசாதத்தைக் கிளறியது நான்தான் என்பதை அவள் ஞாபகப்படுத்தினாள். அந்தச் சோர்விலும்.

இதற்கு நடுவே வயலில் ஒரு கூத்து. எனக்கு ஒன்பது மா நிலம் உண்டு, சுமார் மூன்று ஏக்கர். பத்து வருஷத்துக்கு முன்னால் போர் போட்டு மோட்டார் வைத்தேன். தண்ணீர் லேசாக உப்புக் கரிக்கும், ஆனால் பொத்தானைத் தட்டினால் வரும். அதிலிருந்து ஆற்றுத் தண்ணீருக்கு நான் யாரிடமும் போய் நின்றதில்லை. முன்பெல்லாம் கோடையில் ஊர் கூடி, வாய்க்காலில் இறங்கி ஆளுக்கொரு பங்கு தூர் வாருவார்கள். குடிமராமத்து என்பார்கள். போர் வந்த பிறகு நான் அந்தப் பக்கமே போகவில்லை. என்னைப் பார்த்து இன்னும் நாலு பேர் போகவில்லை. ஆசிரியர் என்றால் முன்மாதிரியாக இருக்க வேண்டும் அல்லவா?

சம்பாவுக்கு நாற்றங்கால் விட்டிருந்த நேரத்தில் மோட்டார் காயில் எரிந்துபோனது. ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது, என் நாற்றங்கால் வெடிக்கிறது. ஆறாம் நாள் காலை ஷட்டருக்குப் போய் லஸ்கரைப் பிடித்தேன்.

"என்னப்பா, ஷட்டரத் தெறக்கலியா?"

"தெறந்து பதினோரு நாளாச்சு சார். தண்ணி இருக்கு. ஒங்க வாய்க்கால்தான் இல்ல."

"வாய்க்கால் இல்லன்னா?"

"பத்து வருஷமா போர்த் தண்ணி. ஒரு தடவயாச்சும் தண்ணி வேணும்னு வந்து கேட்டீங்களா? கேக்காத வாய்க்காலுக்கு எதுக்குத் தண்ணி விடுறதுன்னு நாங்களும் இத்தன வருஷமா இறக்கியே வச்சிருந்தோம். தண்ணி போவாத வாய்க்கால யாரு வெட்டுவா? இப்ப போய்ப் பாருங்க. காட்டாமணக்கும் வெங்காயத்தாமரையும் மண்டி வரப்போட வரப்பா கெடக்கு. திடீர்னு மோட்டார் போச்சு, தண்ணி விடுன்னா அது எப்டி சார் வரும்?"

எனக்குக் கோபம். "நான் யார்னு தெரியுமா?"

"தெரியுமே. நீங்கதான லஸ்கர் சார். எங்க பையன் ஒங்ககிட்டதான் படிச்சான். லஸ்கருன்னா சொன்னதச் செய்யுற பொம்மைன்னு சொல்லிக் குடுத்தீங்களாம்."

முறைத்துக்கொண்டு வந்துவிட்டேன். என் மனைவிக்கு என்ன நடக்கிறது என்பதை, ஒரு எழுத்து விடாமல், அந்த மனிதர் எனக்கு விளக்கியிருக்கிறார். நான் அதைப் பாசனப் பிரச்சினை என்று நினைத்தேன்.

ஏழாம் நாள் காலை, டிகாக்‌ஷன் போடப் போனவள் சமையலறையில் சரிந்து விழுந்தாள். டம்ளர் உருண்டு வாசல்வரை வந்தது. ஓடிப்போய்த் தூக்கிச் சுவரில் சாய்த்து உட்காரவைத்தேன். கண் திறந்திருந்தது, பேச்சுக் குழறியது. உடனே நான் செய்த முதல் காரியம், மெஷினை எடுத்து அவள் கையில் கட்டியது. எண் வரவில்லை. பிழை என்று ஒரு எழுத்துக் காட்டியது.

பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். எழுந்து போய் மேசை இழுப்பறையில் புதுப் பேட்டரி தேடினேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும்: டார்ச்சிலிருந்து பேட்டரியைக் கழற்றி, மெஷினில் போட்டு, மறுபடியும் கட்டினேன். மறுபடியும் பிழை. பிழை யாருடையது என்று மெஷின் சொல்லவில்லை.

டம்ளர் சத்தம் கேட்டு எதிர்வீட்டு அக்கா உள்ளே வந்தார். குனிந்து என் மனைவியின் பாதத்தைத் தொட்டார்.

"அய்யய்யோ, சில்லுன்னு கெடக்கே! நீங்க என்ன சார் பண்றீங்க?"

"பேட்டரி..."

"பேட்டரியா? மனுஷனா சார் நீங்க? டேய் தம்பி, காரை எடுடா!"

அவர் மகன் சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான். அவன்தான் தஞ்சாவூருக்கு ஓட்டினான். பின்சீட்டில் என் மடியில் அவள் தலை. நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருந்த இடத்தில் கண்ணைத் திறந்தாள்.

"டப்பாவ அரிசி டின்னுக்குப் பின்னாலதான வச்சீங்க?"

"தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"அப்றம் ஏன் எடுத்துப் போடல?"

"நீங்க பயாலஜி வாத்தியார்னு நெனச்சேன்," என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒரு கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது. அவ்வளவு பெட்டிகளை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் இருந்தவர் இளம் மருத்துவர். ஒரு கையால் நாடி பிடித்தபடியே கேட்டார்.

"என்னென்ன மாத்திர சாப்பிடுறாங்க?"

"வாராவாரம் ஒண்ணு. தெனமும் ஸ்டீராய்டு ஒண்ணு போட்டாங்க, அத மட்டும் நிறுத்தியாச்சுங்க," என்றேன். அப்போதும் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது என்று நினைக்கிறேன்.

அவர் நிமிர்ந்தார். "எத்தன மாசம் போட்டாங்க? எப்ப நிறுத்துனீங்க?"

"அஞ்சு மாசம். நிறுத்தி ஏழு நாள்."

நர்ஸிடம் ஏதோ ஊசியின் பெயரைச் சொன்னார். ஒரு கையில் ஊசி, மறு கையில் சலைன், எல்லாம் நான் மூச்சு விடுவதற்குள் நடந்தது. அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார்.

"யார் நிறுத்தச் சொன்னது?"

நான் தொண்டையைக் கனைத்தேன். கட்டிலிலிருந்து நூல்போல ஒரு குரல் வந்தது.

"ஒரு பயாலஜி வாத்தியார் சொன்னாருங்க."

"எந்த வாத்தியாரும்மா?"

"கையில நோட்டு வச்சிருக்காரு பாருங்க. அவருதான்."

நோட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். தாமதமாகிவிட்டது. அவர் வாங்கிப் புரட்டினார். சிவப்புக் கோடுகளை வரிசையாகப் பார்த்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க சார். தெனமும் எறங்கிக்கிட்டே வருது. இதப் பாத்துட்டு என்ன பண்ணீங்க?"

"சந்தோஷப்பட்டேங்க."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா கஷ்டம். இப்பவும் சில மணி நேரம் பாக்கணும். வெளிய உக்காருங்க," என்றார்.

வெளியே இரும்பு நாற்காலி. எதிரே சுவரில் கைகழுவும் முறை படம். உள்ளே அவள். படிக்க வேறொன்றும் இல்லாததால், முப்பத்தோரு வருஷம் நடத்திய பாடத்தை முதல்முறையாக எனக்கே நடத்திக்கொண்டேன்.

அந்த மாத்திரை எதன் போலி? நம் உடம்பே தினமும் சுரக்கிற ஒன்றின் போலி. சிறுநீரகத்தின் தலையில் குல்லாய் மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி, காலையில் எழுந்து நிற்கவும், காய்ச்சலைத் தாங்கவும், இரத்த அழுத்தம் விழாமல் பிடிக்கவும் அதைச் சுரக்கிறது. தானாகச் சுரக்காது. மூளைக்குக் கீழே பட்டாணி அளவில் இருக்கிற பிட்யூட்டரி உத்தரவு அனுப்ப வேண்டும். உத்தரவு என்பது ஒரு ஹார்மோன். அந்த ஹார்மோனுக்கு ஒரு ஜீன் இருக்கிறது. நகல் எடுத்தால்தான் உத்தரவு. இரத்தத்தில் போதுமான அளவு இருந்தால், சுரந்த சரக்கே திரும்பிப் போய் அந்த ஜீனின் ஷட்டரை இறக்கிவிடும். போதும் என்ற தகவல் அதுதான். கரும்பலகையில் எத்தனை அம்புக்குறி போட்டிருப்பேன்!

ஐந்து மாதமாக வெளியிலிருந்து தினமும் ஒரு மாத்திரை. அது மூட்டுக்குப் போய் வீக்கத்தின் ஷட்டரை மட்டும் மூடிவிட்டு, நல்ல பிள்ளையாகத் திரும்பி வந்துவிடவில்லை. பிட்யூட்டரிக்கும் போனது. அங்கேயும் மூடியது. உத்தரவு நின்றது. கேட்பாரில்லாத அட்ரீனல் சுருங்கிப் படுத்துவிட்டது. பத்து வருஷம் போர்த் தண்ணீர். வெட்டாத வாய்க்கால். காட்டாமணக்கு. அப்புறம் ஒரு அறிவாளி வந்து, ஒரே நாளில் மோட்டாரை நிறுத்துகிறான். என் வயலில் காயில் எரிந்தது விபத்து. என் மனைவியின் காயிலை நானே பிடுங்கி அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன். நாற்றங்கால் வெடிக்க வெடிக்க, ஆகா, ஈரம் குறைகிறது என்று நோட்டில் சிவப்புக் கோடு போட்டேன்.

லஸ்கர் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. ஒருநாள் தாமதம். என் வழக்கத்துக்கு அது சீக்கிரம்.

நாற்காலியில் உட்கார்ந்தபடி அழுதேன். கைகழுவும் படத்தைப் பார்த்து அழுத ஆள் அந்த வராந்தாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எதிர்வீட்டுத் தம்பி டீ வாங்கி வந்து கையில் கொடுத்துவிட்டு, "குடிங்க சார், அம்மா திட்டுனத மனசுல வச்சுக்காதீங்க," என்றான். அவன் அம்மா திட்டியதற்காக அழுகிறேன் என்று நினைத்துவிட்டான். நல்ல பையன், நான் திருத்தவில்லை.

மத்தியானத்துக்கு மேல் உள்ளே கூப்பிட்டார்கள். கட்டிலுக்கு மேலே இருந்த மெஷினில் நூற்றுப் பத்து. இறங்கிய எண்ணைப் பார்த்து மகிழ்ந்தவன், ஏறிய எண்ணைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"காபி கெடைக்குமா?" என்றாள்.

"வாங்கிட்டு வரேன்."

"நீங்க வேணாம். தம்பிய அனுப்புங்க. நீங்க வழியில எதையாச்சும் நிறுத்திருவீங்க."

மறுநாள் மூட்டு மருத்துவ அம்மா வந்தார். மாத்திரையைத் திரும்பத் தொடங்க வேண்டும் என்றார். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக, மாதக்கணக்கில், குறைக்க வேண்டும். குறையக் குறையத்தான் பிட்யூட்டரிக்குத் தேவை தெரியும், உத்தரவு போகும், தூங்குகிற சுரப்பி எழுந்திருக்கும்.

"எழுந்திருச்சிருமாங்க?" என்று கேட்டேன்.

"பெரும்பாலும். சிலருக்குச் சீக்கிரம், சிலருக்கு ரொம்ப நாளாகும். அபூர்வமா எழுந்திருக்காமலும் போகலாம். அப்டீன்னா வாழ்நாள் பூரா மாத்திரதான். பாக்கலாம்." பிறகு மெதுவாகச் சேர்த்துக்கொண்டார்: "நீங்களா நிறுத்தாதீங்கன்னு அன்னிக்கே சொன்னேன் சார். நீங்க ஷட்டர் பத்திப் பேசிக்கிட்டிருந்தீங்க."

ஒரு சின்ன அட்டையும் கொடுத்தார். இவர் ஸ்டீராய்டு எடுப்பவர், மயங்கி விழுந்தால் உடனே இந்த ஊசி போடவும் என்று எழுதியது. எப்போதும் கைப்பையில் இருக்க வேண்டும். அதன் கடைசி வரி: அவசரத்தில் தொடர்புகொள்ள. என் மனைவி கட்டிலில் உட்கார்ந்தபடியே பேனாவை வாங்கி எழுதினாள். எட்டிப் பார்த்தேன். எதிர்வீட்டு அக்காவின் நம்பர்.

"நான் இருக்கேனே?"

"இருக்கீங்க. பேட்டரி வாங்கப் போயிருப்பீங்க."

வீட்டுக்கு வந்ததும் நோட்டு என் கையிலிருந்து பறிக்கப்பட்டது. சிவப்புப் பேனாவும். அதிகாரம் முழுக்கப் போஸ்ட்மாஸ்டர் கைக்குப் போனது. தேதி, அளவு, காலை எத்தனை மணி, எல்லாம் தபால் பதிவேடு மாதிரி. மாத்திரையை பிளேடால் பாதியாக, அப்புறம் காலாக வெட்டுவாள். பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் எனக்கு அனுமதி. குறைக்கிற ஒவ்வொரு வாரமும் உடம்பு அசந்து போகும். "கண்ண இருட்டுதா?" என்று மணிக்கொரு தரம் கேட்பேன். "நீங்க முன்னாடி நிக்கிறதால இருட்டுது, நகருங்க," என்பாள்.

வேறு வேலையில்லாததால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போனேன். காட்டாமணக்கை வெட்டினால் மறுநாள் முளைக்கிறது. வெங்காயத்தாமரை இழுக்க இழுக்க வருகிறது. மூன்றாம் நாள் லஸ்கர் கரையில் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்.

"குனிஞ்சு வெட்டுங்க சார். பாடம் நடத்துற மாதிரி நிமிந்து நின்னா மண்ணு வராது."

"நீங்க சொன்னது சரிதாங்க," என்றேன். எதைச் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். அப்புறம், போர் வைத்திருந்த அந்த நாலு பேரில் இரண்டு பேர் வந்தார்கள். மற்ற இரண்டு பேரின் மோட்டார் இன்னும் எரியவில்லை. ஐப்பசியில் தண்ணீர் வந்தது. முதல் நாள் விரல் தடிமன்தான் வந்தது, நின்றது, மறுபடி வந்தது. அந்த வருஷம் நாற்றைக் கடனாக வாங்கித்தான் நட்டேன். அது வேறு கதை, அதிலும் கோமாளி நான்தான்.

மார்கழியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நான் எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட வாசலுக்கு ஓடினேன். அவள் அமைதியாக அட்டையின் பின்பக்கத்தைப் படித்தாள். காய்ச்சலென்றால் அளவை இரட்டிப்பாக்கு என்று இருந்தது. இரட்டிப்பாக்கினாள், டாக்டருக்குப் போன் செய்து சொன்னாள், மூன்றாம் நாள் பழைய அளவுக்கு வந்தாள். கடைசிவரை படிப்பவர்களுக்கு எல்லாம் எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

அறுப்பெல்லாம் முடிந்து மாசி பிறந்தது. காலையில் மாத்திரை போடாமல், எட்டு மணிக்கு இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். சுரப்பி தானாகச் சுரக்கிறதா என்று அதில் தெரியும். முதல் பேருந்துக்குக் கிளம்பினோம். ஒரு வருஷத்துக்கு முன்னால் டம்ளரைப் பிடிக்க முடியாத கை, பேருந்தின் கம்பியை இறுகப் பிடித்திருந்தது. வாராந்திர மருந்து மூட்டைப் பார்த்துக்கொண்டது. மிச்சம் இருந்தது ஒரே கேள்வி. நான் பேசாமல் வந்தேன். அதுவே அவளுக்குப் பயமாக இருந்திருக்கிறது.

"ஏதாச்சும் பேசுங்களேன். லஸ்கர் கதயாவது சொல்லுங்க."

"எனக்கு அந்தப் பாடம் சரியாத் தெரியாதும்மா," என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

சாயங்காலம் முடிவு வந்தது. மருத்துவ அம்மா தாளை இரண்டு முறை பார்த்தார். "முழிச்சிருச்சு. இன்னும் அரைத்தூக்கம்தான், ஆனா முழிச்சிருச்சு. மிச்ச கால் மாத்திரையையும் நான் சொல்ற மாதிரி விட்டுடலாம். அட்டை மட்டும் இன்னும் ஒரு வருஷம் கூடவே இருக்கட்டும்." நான் வாயே திறக்கவில்லை. அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டேன். கடைசியில், "சார், எதாவது கேக்கணுமா?" என்றார். "இன்னொரு தடவ சொல்லுங்க," என்றேன். சொன்னார்.

திரும்பும்போது பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து காபி குடித்தோம். அவள் கைப்பையைத் திறந்து அட்டையை எடுத்தாள். எதிர்வீட்டு அக்காவின் நம்பருக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. பைக்குள் துழாவி ஏதோ எடுத்து, அட்டையை முழங்காலில் வைத்து எழுதினாள். என் நம்பர்.

ஏதாவது சொல்லிவிடப்போகிறேன் என்று பயந்து, காபியை ஊதினேன்.

"ரொம்பப் பூரிக்காதீங்க," என்றாள். "பென்சில்லதான் எழுதியிருக்கேன்."